காற்றாலைத் தரவும் பல மெஷின் டேட்டாபேஸும்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

பணகுடி, ராதாபுரம், காவல்கிணறு வட்டாரத்தில் ஓடும் காற்றாலைகளின் தரவைச் சேர்த்துக் கணக்குப் பார்ப்பது என் பிழைப்பு. பாளையங்கோட்டையிலிருந்து தினமும் போய் வருகிறேன். பேருந்தில் பக்கத்தில் உட்காரும் பொறியியல் மாணவர்கள், புதிதாக வேலைக்குச் சேர்ந்த தம்பிகள், சொந்தமாகக் காற்றாலை வைத்திருக்கும் முதலாளிகள் என்று எல்லாரும் சுற்றிச் சுற்றி அதே பத்துப் பதினைந்து சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். டிக்கெட்டின் பின்பக்கத்தில் படம் போட்டு விளக்கி அலுத்துப்போய் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். கணக்கு எளிதாக இருக்க எல்லாப் பதிலிலும் ஒரே எடுத்துக்காட்டுதான்: 500 காற்றாலை, ஒவ்வொன்றிலும் 100 அளவீடு (காற்று வேகம், மின் உற்பத்தி, கியர்பாக்ஸ் சூடு, இப்படி).

"டிஸ்ட்ரிபியூட்டட் டேட்டாபேஸ்னா என்ன அண்ணாச்சி? நாலு கம்ப்யூட்டர்ல நாலு டேட்டாபேஸ் போட்டா அதுவும் அதானே?"

இல்லை. நாலு மெஷினில் நாலு டேட்டாபேஸ் போட்டால், எது எங்கே கிடக்கிறது என்று நினைவு வைத்துக்கொள்ள வேண்டியது நீங்கள். ராதாபுரம் கணக்கு முதல் மெஷினில், பணகுடி கணக்கு இரண்டாவதில் என்று நோட்டுப் போட வேண்டும். இரண்டையும் கூட்ட வேண்டுமானால் எக்செலைத் திறக்க வேண்டும்.

டிஸ்ட்ரிபியூட்டட் டேட்டாபேஸில் அந்த நோட்டை டேட்டாபேஸே வைத்திருக்கும். நீங்கள் பார்ப்பது ஒரே டேபிள். கேள்வியை எந்த மெஷினிடம் கேட்டாலும், அது மற்றவற்றிடம் விசாரித்து, கூட்டி, ஒரே பதிலாகத் தரும். ஒரு மெஷின் விழுந்தாலும் மற்றவை சமாளிக்கும். புதிதாக ஒன்றைச் சேர்த்தால் தரவு தானாகப் பங்கு பிரிந்துகொள்ளும். இந்த மூன்றும் இல்லையென்றால் அது வெறும் நாலு கம்ப்யூட்டர்.

"எங்ககிட்ட 500 காத்தாடி இருக்கு. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ டேட்டா வருது. இது பிக் டேட்டாதானே?"

கேட்டவர் முகம் வாடும் என்று தெரிந்தும் சொன்னேன், இல்லை என்று. பத்து நிமிடத்துக்கு ஒன்று என்றால் ஒரு காற்றாலைக்கு ஒரு நாளில் 144 பதிவு. 500 காற்றாலைக்கு 72,000. ஒரு வருடத்துக்கு 2 கோடியே 62 லட்சத்து 80 ஆயிரம். ஒவ்வொரு பதிவிலும் 100 அளவீடு, ஒவ்வொன்றுக்கும் 8 பைட் என்று வைத்தாலும் வருடத்துக்கு 21 ஜிபி. பென் டிரைவில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம். ஒரே சர்வர், அதில் போஸ்ட்கிரெஸ் என்ற இலவச டேட்டாபேஸ் போதும். இதற்கு ஆறு மெஷின் வாங்கச் சொல்கிறவர் மெஷின் விற்கிறவராகத்தான் இருப்பார்.

அதையே விநாடிக்கு ஒரு தடவை எடுத்தால் கதை வேறு. ஒரு நாளைக்கு 4 கோடியே 32 லட்சம் பதிவு. வருடத்துக்கு ஏறக்குறைய 1,577 கோடி. அமுக்காமல் (கம்ப்ரெஸ் செய்யாமல்) வைத்தால் 12.6 டெராபைட். கியர்பாக்ஸ் பழுதாவதற்கு முன்பே கண்டுபிடிக்க வேண்டும் என்று இறங்குகிறவர்களுக்கு இது தேவைப்படும். அப்போதுதான் இந்தப் பக்கத்தின் மீதிக் கேள்விகளுக்கு வேலை.

"ஆன்லைன்ல பில் போடுத டேட்டாபேஸ் இருக்கே, அதுலயே ரிப்போர்ட் எடுத்தா என்ன?"

எடுக்கலாம், சின்னதாக இருக்கிற வரைக்கும். பில் போடும் டேட்டாபேஸ் ஒரு பதிவின் 100 அளவீட்டையும் டிஸ்கில் பக்கத்துப் பக்கத்தில் வைக்கும். ஒரு வாடிக்கையாளரின் பில்லை முழுசாக எடுக்க அதுதான் வசதி. ஆனால் "போன வருஷம் சராசரி காற்று வேகம் எவ்வளவு?" என்பதற்குத் தேவை ஒரே ஒரு அளவீடு. அந்த ஒன்றுக்காக மீதி 99-ஐயும் டிஸ்கிலிருந்து படித்துத் தூக்கிப் போட வேண்டியிருக்கும்.

ஆய்வுக்கென்று செய்த டேட்டாபேஸ்கள் நெடுவரிசை நெடுவரிசையாக வைப்பவை. காற்று வேகம் எல்லாம் ஒரு இடத்தில், சூடு எல்லாம் வேறு இடத்தில். கேட்டதை மட்டும் படிக்கலாம். இன்னொரு லாபமும் உண்டு. ஒரே மாதிரியான எண்கள் அடுத்தடுத்து இருப்பதால் நன்றாக அமுங்கும். கியர்பாக்ஸ் சூடு 61.2, 61.2, 61.3 என்றுதானே நகரும்? வித்தியாசத்தை மட்டும் எழுதி வைத்தால் போதும். ஃபேஸ்புக் 2015-ல் வெளியிட்ட கொரில்லா என்ற முறையில் நேரமும் மதிப்புமாக 16 பைட் பிடிக்கும் ஒரு அளவீடு சராசரியாக 1.37 பைட்டுக்குச் சுருங்கியது.

"ஹடூப், ஸ்பார்க், கசாண்ட்ரா, கிளிக்ஹவுஸ்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுதாவ. இதுல எது டேட்டாபேஸ்?"

பின்னால் இருக்கிற இரண்டு. ஹடூப் என்பது பெரிய கோப்புகளைப் பல மெஷினில் துண்டு போட்டு வைத்து, அங்கேயே கணக்குப் போடும் ஏற்பாடு. கூகுள் 2003-லும் 2004-லும் வெளியிட்ட இரண்டு கட்டுரைகளைப் பின்பற்றி டக் கட்டிங்கும் மைக் கஃபரெல்லாவும் தொடங்கியது. ஸ்பார்க் 2009-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பிறந்தது. அது கணக்குப் போடும் எந்திரம் மட்டும், தரவைத் தன்னிடம் நிரந்தரமாக வைத்துக்கொள்ளாது.

கசாண்ட்ரா ஃபேஸ்புக்கில் உருவாகி 2008-ல் எல்லாருக்கும் திறந்துவிடப்பட்டது. அமேசானின் டைனமோ என்ற டேட்டாபேஸைப் பற்றிய கட்டுரையை எழுதியவர்களில் ஒருவரான அவினாஷ் லக்ஷ்மண்தான் இதையும் உருவாக்கிய இருவரில் ஒருவர். ஓயாமல் வந்து கொட்டும் தரவை வாங்கி வைப்பதில் அது கெட்டிக்காரன். ஆனால் கோடிக்கணக்கான பதிவுகளைக் கூட்டிக் கழிக்கும் வேலைக்கு அது பொருந்தாது. கிளிக்ஹவுஸ் ரஷ்யாவின் யாண்டெக்ஸ் நிறுவனத்தில் வளர்ந்து 2016-ல் திறந்துவிடப்பட்டது. மேலே சொன்ன நெடுவரிசை ரகம், கூட்டிக் கழிப்பதற்கென்றே செய்தது. வந்து விழுவதைக் கசாண்ட்ராவில் வாங்கி, பெரிய கணக்கை ஸ்பார்க்கில் போடுகிற இடங்களும் உண்டு. எதைப் படித்தால் வேலை கிடைக்கும் என்று கேட்டால், டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல் ஒழுங்காகத் தெரிந்தால் மற்றது ஒரு மாதத்தில் வரும் என்பேன்.

"எந்தப் பதிவு எந்த மெஷினுக்குப் போகணும்னு யாரு முடிவு பண்ணுதா?"

பாதி நீங்கள், பாதி டேட்டாபேஸ். டேபிள் உருவாக்கும்போது ஒரு நெடுவரிசையைப் பார்ட்டிஷன் கீ என்று நீங்கள் சொல்வீர்கள். அதன் மதிப்பை ஹேஷ் கணக்கில் போட்டால் ஒரு பெரிய எண் வரும். அந்த எண் எந்த மெஷினின் பங்கில் விழுகிறதோ அங்கே பதிவு போகும். ஒரே கீ உள்ள பதிவெல்லாம் ஒரே இடத்தில் சேரும் என்பதை மட்டும் மனதில் வையுங்கள். கசாண்ட்ராவில் இப்படித்தான். மற்றவற்றில் பெயரும் விவரமும் மாறலாம், யோசனை இதுவே.

"ஹேஷ் எண்ணை மெஷின் எண்ணிக்கையால் வகுத்து மீதியை எடுத்தால் ஆகாதா?" என்று ஒரு மாணவர் கேட்டார். நல்ல கேள்வி. ஆறு மெஷின் ஏழாகும்போது ஏழில் ஆறு பங்கு தரவு இடம் மாற வேண்டியிருக்கும். ராத்திரி முழுக்க நெட்வொர்க் திணறும். 1997-ல் வந்த கன்சிஸ்டன்ட் ஹேஷிங் என்ற வழியில் எண்களை வளையமாக வைத்து, ஒவ்வொரு மெஷினுக்கும் வளையத்தின் சில துண்டுகளைக் கொடுப்பார்கள். ஏழாவது வந்தால் ஏழில் ஒரு பங்கு அளவுதான் நகரும். மீதி இருந்த இடத்திலேயே இருக்கும்.

"எல்லா ரிப்போர்ட்டும் தேதிவாரியாத்தானே கேக்குதாவ? அப்போ தேதியையே பார்ட்டிஷன் கீயா வச்சிரலாமே?"

நானும் அப்படித்தான் நினைத்தேன். மாசி மாதம் 20 காற்றாலையோடு சோதனை ஓட்டம். ஆறு மெஷின், ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பிரதி. ஜோராக ஓடியது. ஆடிக் காற்று தொடங்குவதற்குள் 500 காற்றாலையையும் இணைத்தோம். அன்றைய தேதி என்பது ஒரே கீ. ஆகவே அன்று வந்த அத்தனையும் அந்தக் கீக்கு உரிய மூன்று மெஷினில் போய்க் குவிந்தது. மீதி மூன்றும் கையைக் கட்டிக்கொண்டு நின்றன. மறுநாள் வேறு மூன்றுக்கு அடி. ஒரு நாள் குவியலின் அளவு கணக்குப்படி 35 ஜிபி. கசாண்ட்ராவில் ஒரு பார்ட்டிஷனை, அதாவது ஒரே கீ உள்ள பதிவுகளின் குவியலை, 100 எம்பி பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்பார்கள். அதை நான் படித்தும் இருந்தேன். வருடத்திலேயே காற்று அதிகமாக அடிக்கிற வாரத்தில் திரை வெறுமையாக நின்றது. முதலாளி என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

பிறகு கீயைக் காற்றாலை எண்ணும் தேதியும் சேர்ந்ததாக மாற்றினோம். ஒரு காற்றாலைக்கு ஒரு நாளில் 86,400 பதிவு, 69 எம்பி. அளவும் அடங்கியது. எழுதும் பாரமும் ஆறு மெஷினுக்கும் பரவியது. "இந்தக் காற்றாலை நேற்று ஏன் நின்றது?" என்ற கேள்விக்கு ஒரே இடத்தில் பதில். ஆனால் "நேற்று 500-ம் சேர்த்து எவ்வளவு உற்பத்தி?" என்றால் 500 இடத்தில் தட்ட வேண்டும். அதற்கென்று இன்னொரு டேபிள் போட்டோம். அதில் பத்து நிமிடச் சுருக்கம் மட்டும், கீ தேதி. ஒரு நாளுக்கு 72,000 பதிவு, 58 எம்பிக்குள். ஆகாது என்று நான் தள்ளிய அதே தேதிக் கீ இங்கே சரியாக உட்கார்ந்தது.

ஒரே தரவை இரண்டு இடத்தில் வைப்பது தப்பு என்று கல்லூரியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். பில் போடும் டேட்டாபேஸுக்கு அது சரிதான். இங்கே முதலில் கேள்விகளை எழுதி வைக்க வேண்டும், டேபிள் அதற்குப் பிறகு. நான் இப்போதெல்லாம் யாராவது டேபிள் வடிவத்தைக் காட்டினால், கேள்விப் பட்டியல் எங்கே என்றுதான் முதலில் கேட்கிறேன். கசாண்ட்ரா "அலோ ஃபில்டரிங்" (கீ இல்லாமல் எல்லாவற்றையும் படித்து வடிகட்ட அனுமதி) போட்டால்தான் இந்தக் குவெரி, அதாவது எழுதிக் கொடுத்த கேள்வி, ஓடும் என்று சொன்னால், பட்டியலில் இல்லாத ஒன்றைக் கேட்கிறீர்கள் என்று அர்த்தம். அதைப் போட்டு ஓட்டிவிட்டு மெதுவாக இருக்கிறது என்று புலம்பக் கூடாது.

"ஒரு மெஷின் பொசுக்குனு செத்துப்போனா அதுல உள்ள டேட்டா?"

மற்ற இரண்டில் இருக்கும். மூன்று பிரதி என்று மேலே சொன்னது இதற்குத்தான். ஆனால் மூன்றிலும் எழுதி முடிக்கும்வரை காத்திருந்தால் ஒன்று படுத்ததும் எல்லாம் நிற்கும். ஆகவே இரண்டில் எழுதியாகிவிட்டால் சரி என்று வைத்துக்கொள்வார்கள். படிக்கும்போதும் இரண்டிடம் கேட்பார்கள். இரண்டும் இரண்டும் நான்கு, மூன்றைவிடப் பெரிது. ஆகவே எழுதிய இரண்டிலும் படித்த இரண்டிலும் ஒன்றாவது பொதுவாக இருந்தே ஆக வேண்டும். அது புதிய மதிப்பைத் தந்துவிடும்.

"அப்போ மூணு காப்பி இருக்குல்லா, பேக்கப் எதுக்கு?"

ஒரு தடவை தவறான தேதியைக் கொடுத்து டெலீட் அடித்தேன். மூன்று பிரதியிலும் மிக ஒழுங்காக, மிக வேகமாக அழிந்தது. பேக்கப் எடுங்கள். அதை வேறு இடத்தில் வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அதிலிருந்து மீட்டும் பாருங்கள்.

"இன்டர்வியூல கேப் தியரம் கேட்டாங்க. மூணுல ரெண்டுதான் கிடைக்கும்னு சொன்னேன். சரிதானே?"

மார்க் கிடைத்திருக்கும், ஆனால் அரைகுறை. அந்த மூன்று: எந்த மெஷினிடம் கேட்டாலும் ஒரே புதிய பதில், கேட்டபோதெல்லாம் பதில், நடுவே தொடர்பு அறுந்தாலும் ஓடுவது. எரிக் புரூவர் 2000-ல் ஊகமாகச் சொன்னதை 2002-ல் கில்பர்ட்டும் நான்சி லிஞ்சும் நிரூபித்தார்கள். விஷயம் இதுதான்: மெஷின்களுக்கு நடுவே தொடர்பு அறுந்த நேரத்தில், பழைய பதிலாக இருந்தாலும் பரவாயில்லை என்று பதில் தருவதா, தப்பாகச் சொல்வதைவிட வாயைத் திறக்காமல் இருப்பதா? இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். அறுவது நம் கையில் இல்லை, அதனால் மூன்றிலிருந்து இரண்டைப் பொறுக்குகிற பேச்சே இல்லை. வங்கிக் கணக்கு வாயை மூடிக்கொள்ள வேண்டும். போன மாதச் சராசரிக் காற்று வேகம் ஒரு நிமிடம் பழையதாக இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

"ஒவ்வொரு மெஷினும் அது அது பங்குக்கு ஆவரேஜ் எடுத்து, அந்த ஆவரேஜுக்கு ஆவரேஜ் போட்டா வேலை சுளுவா முடிஞ்சிருமே?"

சுளுவாகத் தப்பாக முடியும். ஒரு மெஷினில் 10 காற்றாலை, சராசரி காற்று வேகம் விநாடிக்கு 8 மீட்டர். இன்னொன்றில் 2 காற்றாலை, சராசரி 5. இரண்டின் சராசரி 6.5 என்று வரும். உண்மை என்ன? 80-ம் 10-ம் 90. பன்னிரண்டால் வகுத்தால் 7.5. ஆகவே ஒவ்வொரு மெஷினும் அனுப்ப வேண்டியது கூட்டுத்தொகையும் எண்ணிக்கையும். வகுத்தல் கடைசி மெஷினில்தான். டேட்டாபேஸ் உள்ளுக்குள் இதைச் சரியாகவே செய்யும். நீங்கள் கையால் எழுதும் சுருக்க டேபிளில்தான் தப்பு நுழையும். நம் பத்து நிமிட டேபிளிலும் சராசரியோடு எண்ணிக்கையையும் சேர்த்து வைத்திருக்கிறோம்.

கூட்டுத்தொகை, பெரியது, சிறியது எல்லாம் இப்படித் துண்டு துண்டாகச் சேர்க்க முடியும். நடு மதிப்பு முடியாது. மூன்று துண்டின் நடு மதிப்பு தெரிந்தாலும் மொத்தத்தின் நடு மதிப்பு தெரியாது. வேறுபட்டவை எத்தனை என்று எண்ணுவதும் அப்படித்தான், ஏனென்றால் ஒரே மதிப்பு இரண்டு மெஷினிலும் இருக்கலாம். இவற்றுக்குத் தோராயமான வழிகள் இருக்கின்றன. வேறுபட்டவற்றை எண்ண ஹைப்பர்லாக்லாக் என்று 2007-ல் வந்த முறை, சில கிலோபைட் இடத்தில் கோடிக்கணக்கில் எண்ணிச் சொல்லும், ஓரிரு சதவீதம் பிசகும். முதலாளிக்கு அனுப்பும் அறிக்கையில் "ஏறக்குறைய" என்ற சொல்லைப் போட மறக்காதீர்கள்.

"ரெண்டு டேபிளை ஜாயின் பண்ணினா மட்டும் ஏன் இந்த இழுப்பு இழுக்கு?"

ஜாயின் என்றால் இரண்டு டேபிளின் பதிவுகளைப் பொருத்திச் சேர்ப்பது. சேர வேண்டிய இரண்டு பதிவும் வேறு வேறு மெஷினில் இருந்தால், ஒன்று பயணம் போக வேண்டும். கோடிக்கணக்கில் பயணம் போனால் நெட்வொர்க் அடைத்துக்கொள்ளும். இதைத்தான் ஷஃபிள் என்பார்கள். ஒரு டேபிள் சின்னதாக இருந்தால், நம் காற்றாலை விவர டேபிளில் மொத்தமே 500 வரிதானே, அதை எல்லா மெஷினுக்கும் ஒரு பிரதி அனுப்பிவிட்டால் பெரிய டேபிள் இருந்த இடத்தைவிட்டு அசைய வேண்டாம். இரண்டுமே பெரிது என்றால் இரண்டுக்கும் ஒரே பார்ட்டிஷன் கீ வைத்தால், சேர வேண்டியவை ஒரே வீட்டில் இருக்கும்.

"செல் டவர் ரெண்டு நாள் படுத்துக் கிடந்து, அப்புறம் மொத்தமா வருது. சிலது ரெண்டு தடவ வருது. கணக்கு டபுளாகாதா?"

கசாண்ட்ராவில் காற்றாலை எண், தேதி, நேரம் மூன்றும் சேர்ந்து முதன்மைக் கீயாக இருந்தால் இரண்டாவது தடவை வந்தது முதலாவதன் மேலேயே எழுதப்படும். டபுளாகாது. கிளிக்ஹவுஸில் முதன்மைக் கீ என்ற பெயர் இருந்தாலும் அது இரட்டைப் பதிவைத் தடுக்காது. ரீப்ளேசிங் மெர்ஜ் ட்ரீ வகை டேபிள் போட்டால் பின்னணியில் கோப்புகளை இணைக்கும்போது இரட்டையை நீக்கும். எப்போது இணைக்கும் என்று உறுதி கிடையாது. அதற்குள் கூட்டினால் கூடுதலாகத்தான் காட்டும். குவெரியில் "ஃபைனல்" சேர்த்தால் சரியாக வரும், கொஞ்சம் மெதுவாக.

இன்னொரு பொறியும் இருக்கிறது. கசாண்ட்ராவில் ஒரே பதிவுக்கு இரண்டு மதிப்பு வந்தால், எழுதிய நேரம் எதற்குப் பிந்தியதோ அதுதான் ஜெயிக்கும். நேரத்தைப் போடும் மெஷினின் கடிகாரம் பத்து நிமிடம் முந்தி ஓடினால், அதன் பழைய மதிப்பு மற்றவற்றின் புதிய மதிப்பை அடித்துவிடும். எல்லா மெஷினிலும் நேரத்தை ஒத்திசைக்கும் என்டிபி ஓடுகிறதா என்று பாருங்கள்.

"மாசக் கணக்கு ஏறக்குறைய ஒத்து வருது. ஆனா தினக் கணக்கு மட்டும் மீட்டரோட ஒத்து வரவே மாட்டேங்குதே?"

யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் சேமித்துவிட்டு, அதே நேரத்தில் நாளைப் பிரித்திருப்பீர்கள். யுடிசியில் நள்ளிரவு என்பது நமக்குக் காலை ஐந்தரை. உங்கள் "ஒரு நாள்" ஐந்தரைக்கு ஐந்தரை ஓடுகிறது. மாதத்தின் இரண்டு ஓரத்தில் மட்டும் பிசகுவதால் மாதக் கணக்கில் யாரும் கவனிக்க மாட்டார்கள். மணிக்கணக்கும் தப்பும், அரைமணி நகர்ந்து நிற்கும். மின்தொகுப்புக் கணக்குக்கு நம் நாட்டில் பதினைந்து நிமிடத் துண்டுகள், நாளுக்கு 96. அரைமணி பதினைந்தால் வகுபடும் என்பதால் அது மட்டும் தப்பித்துக்கொள்ளும். யுடிசியிலேயே சேமியுங்கள், அது நல்ல பழக்கம். நாளாகவும் மணியாகவும் பிரிக்கும் இடத்தில் மட்டும் இந்திய நேரத்துக்கு மாற்றுங்கள். பார்ட்டிஷன் கீயில் உள்ள தேதியும் எந்த நேரப்படி என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். பின்னால் மாற்றினால் மொத்தத் தரவையும் திரும்ப எழுத வேண்டும்.

"பத்து மெஷின் போட்டா பத்து மடங்கு வேகம்தானே?"

டவுனில் நெல்லையப்பர் ஆனித் தேர் பார்த்திருப்பீர்கள். நேர் வீதியில் வடம் பிடிக்க ஆள் கூடக் கூட நகரும். ரத வீதி முக்கில் திரும்பும்போது எத்தனை ஆயிரம் பேர் இழுத்தாலும் சறுக்குக்கட்டை போடுகிறவர்களின் கைவேகம்தான் தேரின் வேகம். குவெரியிலும் பிரித்துச் செய்ய முடியாத ஒரு பகுதி இருக்கும், கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்து வரிசைப்படுத்துவது மாதிரி. 100 விநாடி வேலையில் 10 விநாடி அப்படி என்றால், பத்து மெஷின் போட்டால் 10-ம் 9-ம் 19 விநாடி. ஐந்து மடங்குக்கும் சற்று அதிகம், அவ்வளவுதான். நூறு மெஷின் போட்டாலும் பத்து விநாடிக்குக் கீழே இறங்காது. இதை ஜீன் அம்டால் 1967-லேயே சொல்லிவிட்டார்.

அதோடு, பத்தில் ஒன்று சோம்பேறியாக இருந்தால் பதில் அதற்காகக் காத்திருக்கும். ஒரு துணைமின் நிலையத்தில் மட்டும் பாதிக் காற்றாலைகள் இருந்து, நீங்கள் துணைமின் நிலையத்தைப் பார்ட்டிஷன் கீயாக வைத்தால் அந்தச் சோம்பேறியை நீங்களே உருவாக்குகிறீர்கள். தேதிக் கேள்வியில் சொன்ன அதே கூத்துதான்.

"வீட்ல இருக்குறது ஒரே ஒரு பழைய லேப்டாப். இதெல்லாம் எப்படிப் பழகுறது அண்ணாச்சி?"

முதலில் டக்டிபியை நிறுவுங்கள். ஆம்ஸ்டர்டாமில் உருவான நெடுவரிசை டேட்டாபேஸ், ஒரே மெஷினில் ஓடும், இலவசம். இரண்டு கோடிப் பதிவைப் பொய்யாக உருவாக்கி அதில் கூட்டிக் கழியுங்கள். இரண்டாவது கேள்வியில் சொன்ன 21 ஜிபியைக்கூட அது பழைய லேப்டாப்பிலேயே சமாளிப்பதைப் பார்த்தால், எத்தனை பேருக்குப் பல மெஷின் தேவையே இல்லை என்பது புரிந்துவிடும்.

அப்புறம் ஒரே மெஷினைப் பல மெஷின் மாதிரி பிரித்து ஓட்ட உதவும் டாக்கரில் மூன்று கசாண்ட்ரா கன்டெய்னரை ஓடவிடுங்கள். 8 ஜிபி ரேம் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் நினைவகத்தைக் குறைத்துக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் லேப்டாப் இட்லிச் சட்டி மாதிரி கொதிக்கும். மூன்று பிரதி வைத்து, இரண்டில் எழுதினால் போதும் என்று அமைத்து, ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒன்றை நிறுத்துங்கள். எழுதிப் பாருங்கள், எழுதும். இரண்டாவதையும் நிறுத்துங்கள், மறுக்கும். அந்தப் பிழைச் செய்தியைத் திரையில் நிறுத்தி வைத்துக்கொண்டு, ஒரு மெஷின் செத்துப்போனால் என்ற கேள்வியின் பதிலை மறுபடி படியுங்கள். மிச்சச் சந்தேகத்தைப் பேருந்தில் பார்க்கும்போது கேளுங்கள், டிக்கெட்டின் பின்பக்கம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.